மவுஸு ரிப்பேருங்க

எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. நேற்றுவரை "வா அம்மணி, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ" என்றவர் இன்றைக்கு "வாங்க, காப்பி குடிக்கறீங்களாங்க?" என்று கேட்டால், உபசரிக்கிறார் என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிடக் கூடாது. உறவு முறிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

எனக்கும் என் ஓரகத்திக்கும் அப்படி ஒரு மரியாதைக் காலம் வந்தது. ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் ஊரான கணபதியில், வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, ரவிக்கைகளுக்கு எம்பிராய்டரி போடுகிற இயந்திரங்களை வைத்து நாங்கள் இருவரும் தொழில் நடத்துகிறோம். முதுகில் மயில், கையில் யானை, ஓரத்தில் மாங்காய் என்று கல்யாணப் பெண்கள் என்ன கேட்டாலும் இயந்திரம் தைத்துக் கொடுத்துவிடும். ஆனால் ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்லித் தர வேண்டும். அதுதான் எங்கள் வேலை. கம்ப்யூட்டரில் படத்தை வைத்து, அதன் மேல் மவுஸால் புள்ளி புள்ளியாக அமுக்கிக்கொண்டே போக வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் ஓய்வு கிடையாது. வாய் மட்டும் சும்மா இருக்கும். அந்த வாயால் நாங்கள் வருடக்கணக்கில் ஊர்க்கதை பேசினோம்.

சண்டைக்குக் காரணம் ஒரு மயில். கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருவர் வந்திருந்தார். நான் வரைந்த மயிலைத் திரையில் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்று, "கழுத்தக் கொஞ்சம் பாரு அம்மணி, கோழியாட்ட இருக்குது" என்றார். அந்த அம்மாள் முதலில் சிரிப்பை அடக்கினார், பிறகு அடக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"உங்க யானைக்குத் தும்பிக்கை எது, வாலு எதுன்னு ஊரே கேக்குது. மொதல்ல அதைப் பாருங்க" என்றேன்.

ஊர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்து, "சரிங்க" என்றார். அந்த ஒரு 'ங்க'வோடு எங்கள் மரியாதைக் காலம் தொடங்கியது.

அதற்குப் பிறகு நேர்ப்பேச்சு நின்றது. இயந்திரம் ஓட்டுகிறவர் உக்கடத்துக்காரர். பாய் என்று கூப்பிடுவோம். எல்லாப் பேச்சும் அவர் வழியாகப் போய் வந்தது. அக்கா கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான், "பாய், செகப்பு நூல் தீந்து போச்சுன்னு பெரியக்காகிட்டச் சொல்லிப்போடுங்க" என்பேன். பாய் திரும்பி, "பெரியக்கா, செகப்பு நூல் தீந்து போச்சுங்களாமா" என்பார். "அலமாரில இருக்குதுன்னு சின்னக்காகிட்டச் சொல்லுங்க பாய்" என்று பதில் வரும். பாய் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவார். ஒருநாள் பொறுமை போய், "ஏனுங்க, நான் நடுவுல நிக்கோணுங்களா, இல்ல டீ குடிச்சுட்டு வரட்டுங்களா?" என்று இருவரையும் பொதுவாகக் கேட்டார். இருவரும் அவரவர் மவுஸை இன்னும் பலமாக அமுக்கினோம். அவர் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

எங்கள் கணவன்மார், அண்ணன் தம்பி இருவரும், இதில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டார்கள். என் கணவர் செய்தது ஒன்றே ஒன்று. பழைய பீரோவை உடைத்த ப்ளைவுட் பலகைகளைக் கொண்டுவந்து, எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு அடித்தார். மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, மற்றபடி சுவர் மாதிரி. "ரெண்டு பேருக்கும் நிம்மதியா இருக்குமல்லோ?" என்று கேட்டார். அவருக்கு அன்று இரவு பழைய சோறுதான் கிடைத்தது.

புரட்டாசி முடிகிற நேரத்தில் சேதி வந்தது, பாய் வழியாகத்தான். காரமடையில் அக்காவின் அண்ணன் தன் வீட்டு மாடி அறையை ஒழித்துக் கொடுக்கிறாராம். அக்கா தன் மேசையையும் ஒரு இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே தனியாகத் தொழில் போடுகிறாராம். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கே வண்டி வருகிறதாம். "நல்லதுங்கன்னு சொல்லிப்போடுங்க பாய்" என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவரிடம் போய்ச் சொல்வதற்கு மட்டும் வாய் வரவில்லை. கோழி என்று சொன்னவர்தானே முதலில் பேச வேண்டும் என்று ஒரு வீம்பு.

இதற்கு நடுவில் ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் ஆயுத பூசை என்றால் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கார், சைக்கிள், அரிவாள்மனை என்று வேலைக்கு உதவுகிற எதுவும் சந்தனம் குங்குமம் இல்லாமல் தப்ப முடியாது. அக்கா அதில் இன்னும் ஒரு படி மேல். கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்தால் அதன் இரண்டு காலுக்கும் வைப்பார். அந்த வருடம் இரண்டு கம்ப்யூட்டரையும் நிறுத்தி, விசைப்பலகைக்கு, திரைக்கு, மவுஸுக்குப் பொட்டு வைத்து முடித்தார். அதற்கப்புறமும் அவர் கை நிற்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்த ரிசீவரையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வயர் இல்லாத மவுஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கை நகம் அளவில் ஒரு துண்டு அது. மவுஸ் சொல்வதைக் காற்றில் கேட்டுக் கம்ப்யூட்டரிடம் சொல்வது அதுதான். எங்களுக்கு பாய் மாதிரி. என் கம்ப்யூட்டரிலிருந்ததையும் பிடுங்கி வந்தார். இரண்டுக்கும் ஆளுக்கொரு துளி சந்தனமும் குங்குமமும் வைத்து, பித்தளைத் தட்டில் பொரிக்குப் பக்கத்தில் வைத்தார். "அதுவும் ஆயுதந்தானுங்க பாய்" என்று எனக்குக் கேட்கும்படி பாயிடம் சொன்னார். நான் மனதுக்குள் சிரித்தேன். சிரித்ததோடு சரி. இரண்டு மவுஸும் காந்திபுரத்தில் ஒரே கடையில், ஒரே நாளில், நாங்கள் சேர்ந்து போய் வாங்கியவை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. அன்று முதல் வேலையைத் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. விஜயதசமியன்று வேலைக்கு உட்கார்ந்தால், எடுத்த வேலை முடியும்வரை எழக்கூடாது. எழுந்தால் வருடம் பூராவும் எல்லாம் அரைகுறையாகவே நிற்கும். என் மாமியார் போட்டது. மகன்கள் இருவரும் டீக்கடைக்கு ஓடாமல் இருக்கத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நாங்கள் யாரும் அதை மீறியதில்லை. பயம்தான்.

நான் காலையிலேயே போனேன். தட்டிலிருந்து ஒரு ரிசீவரை எடுத்து, குங்குமத்தை ஊதிவிட்டு, கம்ப்யூட்டரின் முதுகில் செருகி, என் மவுஸை எடுத்துக்கொண்டு, சாமியைக் கும்பிட்டு உட்கார்ந்தேன். என் மவுஸ் எது என்பதில் குழப்பமில்லை. அதில் நான் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். எடுத்த வேலை அந்த மயில். கழுத்து மட்டும் பாக்கி. கல்யாணப் பெண்ணின் அம்மா அதை மாற்றித் தரச் சொல்லியிருந்தார்.

மவுஸ் ஓடவில்லை. தட்டினேன். உதறினேன். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருக்கிற விளக்குக் கண்ணில் சந்தனம் அப்பியிருக்கும் என்று சேலை முந்தானையால் துடைத்தேன். கண் சிவப்பாக எரிந்தது, அம்பு மட்டும் திரை நடுவில் அசையாமல் நின்றது. எழுந்து போய் யாரையும் கேட்கவும் முடியாது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற என் மகளுக்குப் போன் போட்டேன். லீவு நாளில் தூங்கிக்கொண்டிருந்தவள்.

"டிரைவர் போயிருக்கும்மா. கீழ ஓரமா இருக்கிறதை ரைட் கிளிக் பண்ணு."

"மவுஸே ஓடலைங்கறேன். எதை வெச்சு ரைட் கிளிக் பண்றது, மூக்கையா?"

டிரைவர் என்றால் மவுஸோடு வருகிற சாஃப்ட்வேர். மவுஸின் பக்கவாட்டில் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அது என்ன வேலை செய்ய வேண்டும் என்று அந்த டிரைவரில்தான் சொல்லி வைக்க வேண்டும். நான் நிறையத் தப்புப் பண்ணுகிறவள், அதனால் செய்ததைத் திரும்பப் பெறுகிற வேலையை என் பட்டனுக்குக் கொடுத்திருந்தேன். அக்கா தப்பே பண்ணாதவர். அவர் அழிக்கிற வேலையைக் கொடுத்திருந்தார். அந்த டிரைவரைக் கழற்றி மாட்ட வேண்டும் என்றாள் மகள். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் அங்கங்கே 'சரி' என்பதை மவுஸால் அமுக்க வேண்டும். மவுஸைச் சரிசெய்வதற்கு மவுஸ் நன்றாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்த புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்.

விசைப்பலகையைத் தட்டித் தடவி ஒருவழியாகக் கழற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். டிரைவரை மறுபடி மாட்டினேன். திரையில் மவுஸின் படம் வந்தது. பக்கத்தில் பச்சையாக ஒரு டிக். மவுஸ் இணைந்திருக்கிறது, பேட்டரி நிறைய இருக்கிறது என்று அது சொன்னது.

"பாப்பா, பேட்டரி ஃபுல்லா இருக்குதுங்குது."

"அப்புறமென்ன?"

"பேட்டரி என் கையில இருக்குதுடீ. கழட்டிப்போட்டுத் தொடச்சுக்கிட்டிருக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி கேட்டது. "அது பழசைக் காட்டும்மா" என்றாள். இவளைப் படிக்க வைக்க நாங்கள் பட்ட பாடு எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம். அக்கா வந்துவிட்டார். சாமி கும்பிட்டார், உட்கார்ந்தார், எதையோ துடைத்தார். அந்த நொடியில் என் அம்பு உயிர் வந்து திரையெங்கும் துள்ளிக் குதித்தது.

"சரியாயிருச்சு!" என்று கத்தினேன். மகள், "சொன்னேன்ல" என்று போனை வைத்துவிட்டாள்.

பேட்டரியைப் போட்டு மவுஸைப் பிடித்தேன். வலது பக்கம் தள்ளினேன். அம்பு மேலே போனது. நிறுத்தினேன், அது நிற்கவில்லை. கையை எடுத்துவிட்டேன். என் மவுஸ் மேசை மேல் சாதுவாகக் கிடக்க, அம்பு தன் பாட்டுக்குப் போய் என் மயிலின் வயிற்றில் இரண்டு புள்ளி வைத்தது. பேய் என்றே நினைத்துவிட்டேன். மறுபடி மகளை எழுப்பினேன்.

"ஹேக்கரா இருக்கும்மா. யாரோ எங்கிருந்தோ உன் கம்ப்யூட்டரை ஆட்டறாங்க. நெட் வயரைப் புடுங்கு."

எழக்கூடாதே. மேசைக்கு அடியில் காலை நீட்டி, கட்டைவிரலால் வயரைத் தேடிப் பிடித்து இழுத்தேன். நெட் போனது. அம்பு போகவில்லை. ஹேக்கர் என்கிறவன் எங்கோ ரஷ்யாவில் உட்கார்ந்து பேங்க் கணக்கைத் திருடுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவனோ கணபதியில் ஒரு ரவிக்கை மயிலைக் கொத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கப் பார்க்க, எனக்குள் ஏதோ நெருடியது. அந்த அம்பு எதையும் நேராகப் போய் அமுக்கவில்லை. அமுக்கப்போகிற இடத்தை முதலில் ஒரு சுற்று சுற்றியது, அப்புறம்தான் அமுக்கியது. அடுத்த இடத்துக்குப் போனது, அங்கேயும் ஒரு சுற்று. சாமிக்குக் கற்பூரம் காட்டுகிற மாதிரி. இந்த உலகத்தில் எதைச் சொடுக்குவதற்கு முன்பும் அதைச் சுற்றிவருகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். "சுத்தாம அமுக்குங்களேன் அக்கா, நேரமாகுது" என்று நான் எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறேன். "கை பழகிப்போச்சு அம்மணி" என்பார்.

பித்தளைத் தட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் ரிசீவர் என்னிடம், என் ரிசீவர் அவரிடம். தன் அம்பு அசையாததால் அவர் அங்கே பழக்கப்படி மவுஸைச் சுற்றிச் சுற்றி அமுக்கிப் பார்க்க, இங்கே என் அம்பு ஆடுகிறது. அப்படியென்றால் நான் இங்கே ஆட்டினால்?

ஆட்டிப் பார்த்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம், "எங்கடா போறே சனியனே!" என்று குரல் வந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மனது அப்படி ஒரு சந்தோஷத்தை எத்தனையோ நாளாகக் கண்டதில்லை. மேலே இழுத்தேன், "ஐயோ" என்றார். கீழே தள்ளினேன், "அட ராமா" என்றார். காரமடை ரங்கநாதரைக் கூப்பிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். இரண்டு மூன்று இடத்தில் கண்டபடி அமுக்கினேன். அமுக்கியது தப்பு என்று கை தானாக நினைத்துக்கொண்டதோ என்னவோ, பழக்க தோஷத்தில் கட்டைவிரல் அந்தப் பக்கவாட்டு பட்டனை ஒரு தட்டுத் தட்டியது.

என் கம்ப்யூட்டராக இருந்தால் அது திரும்பப் பெறுகிற பட்டன். அது அக்காவின் கம்ப்யூட்டர். அங்கே அது அழிக்கிற பட்டன்.

"போச்சு!" என்றார் அக்கா. "என் யானை போச்சு."

அதற்குப் பிறகு திட்டு வரவில்லை. வேறு சத்தம் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவர் தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டார்: "போற அன்னிக்காவது இந்த ஊட்டு வேலைய ஒழுங்கா முடிச்சுக் குடுத்துட்டுப் போலாம்னு பார்த்தேன். அதுக்கும் குடுத்து வெக்கல."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த யானை எங்கள் இருவரின் பொது ஆர்டர். அதை முடித்து வைத்துவிட்டுப் போவதற்காகத்தான் அவர் அன்று வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அதைக் கொன்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீம்பு எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா, அழாதீங்க" என்றேன். "கண்ட்ரோல் இசட் அமுக்குங்க."

அத்தனை நாளுக்குப் பிறகு நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து விசை தட்டுகிற சத்தம் கேட்டது.

"வந்துருச்சு" என்றார். பிறகு சந்தேகமாக, "போனது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"கொன்னது நாந்தானுங்க."

விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அந்தப் பேய் நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க பேய் நான், என் பேய் நீங்க."

ரிசீவரை மாற்றிக்கொண்டால் முடிந்தது. ஆனால் யார் எழுவது? என் மயிலும் முடியவில்லை, அவர் யானையும் முடியவில்லை. மாமியார் படம் சுவரிலிருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. "மவுஸையாவது மேல தூக்கி எறியறீங்களா, நான் புடிச்சுக்கறேன்" என்றேன். பூசை வைத்த ஆயுதத்தைக் கல்லு மாதிரி எறிவதா என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாய் பதினொரு மணிக்கு மேல்தான் வருவார். வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். டிவி சத்தத்தில் அவர்களுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

"அப்ப நீங்க சொல்லுங்க, நான் அமுக்கறேன்" என்றார் அக்கா. "என் யானைய நீங்க அமுக்குங்க."

இப்படியாக எங்கள் விஜயதசமி வேலை தொடங்கியது. அவர் என் திரையைப் பார்க்க முடியாது. நான் சொல்லச் சொல்ல அவர் மவுஸை நகர்த்துவார். "மேல... இன்னும் கொஞ்சம் மேல... வலது... ஐயோ அவ்வளவு வேண்டாம்... அமுக்குங்க." நான் மூச்சு வாங்குகிற நேரத்தில் அவர் ஆரம்பிப்பார். "கீழ வாங்க... காதுக்குப் பக்கத்துல... காதுன்னா யானைக் காதுங்க, பெருசா இருக்கும்... அமுக்குங்க." சில சமயம் இருவரும் ஒரே நேரத்தில் கத்துவோம். யார் மேலே, யார் கீழே என்று தெரியாமல் மயிலுக்கு ஒரு புள்ளி கொண்டையிலும் யானைக்கு ஒரு புள்ளி வானத்திலும் விழும். கண்ட்ரோல் இசட், கண்ட்ரோல் இசட் என்று இரண்டு பக்கமும் தட்டுவோம்.

கழுத்து பாதி வந்ததும் நான் திரையைத் தள்ளி வைத்துப் பார்த்தேன்.

"அக்கா."

"சொல்லுங்க."

"இப்பத்தான் கோழியாட்ட இருக்குது. இது நீங்க போட்ட கழுத்து."

அவர் சிரித்தார். நாற்காலி குலுங்குகிற சத்தம் கேட்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு, "நான் கோழின்னு சொன்னதுல தப்பில்ல அம்மணி. அந்தம்மா முன்னால வெச்சுச் சொன்னதுதான் தப்பு" என்றார்.

அம்மணி என்றுவிட்டார். எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அப்ப நானும் சொல்லிப்போடறேன். உங்க யானைல எது தும்பிக்கை, எது வாலுன்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றேன். "நீ தடவிக்கிட்டிருக்கறது வாலு" என்றார்.

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது. காரமடையிலிருந்து அவர் அண்ணன் அனுப்பிய வண்டி. ஓட்டி வந்தவர் ஷெட் கதவருகே நின்று, "ஏனுங்க, மேசைய ஏத்திப்போடலாமுங்களா? ராகுகாலத்துக்கு முன்னால கெளம்பச் சொல்லிப்போட்டாருங்க உங்க அண்ணன்" என்றார்.

சிரிப்பில் அதை மறந்தேபோயிருந்தேன்.

"எடுத்த வேலை முடியலைங்க" என்றார் அக்கா. "முடிஞ்சாத்தான் எந்திரிக்க முடியும். அப்பிடி நில்லுங்க."

எடுத்த வேலை என்றால் அந்த யானை. அதை முடிக்கிற கை என் கை. அதன்பிறகு நான் மவுஸை நகர்த்திய வேகத்தில் நத்தை என்னை முந்திப் போயிருக்கும். அக்கா "கீழ" என்றால் நான், "கீழன்னா எவ்வளவு கீழங்க?" என்பேன். "கொஞ்சம்" என்பார். "கொஞ்சம்னா?" என்பேன். அமுக்கச் சொன்ன இடத்தில் அமுக்காமல், அதை ஒரு சுற்று சுற்றினேன். பிறகு இன்னொரு சுற்று. இது அவருக்கு அங்கே தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

திட்டவில்லை. "அந்தக் கால் நகம் சரியில்ல அம்மணி. அழிச்சுப்போட்டு மொதல்ல இருந்து வா" என்றார்.

அந்த யானையின் கால் நகம் முன்பே முடிந்துபோன வேலை. நன்றாகத்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்காமல் அழித்துவிட்டு முதலிலிருந்து வந்தேன். ஒவ்வொரு நகமாக.

வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே போய் வந்தார். இரண்டு பெண்கள் பலகைக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, அதைப் பார்த்து "மேல, கீழ" என்று கத்திக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். கடைசியில் தாங்க முடியாமல், "ராகுகாலம் பொறந்துருமுங்க. இன்னிக்கு விட்டா இனி எப்பங்க? உங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார்.

நான் கையை நிறுத்தினேன். என் திரையில் அக்காவின் அம்பும் நின்றது.

"மவுஸு ரிப்பேருங்க" என்றார் அக்கா. "அதைச் சரி பண்ணாம மேசைய எடுத்து என்ன பண்றதுங்க? சரியானதும் நானே சொல்லி அனுப்பறேன்னு சொல்லிப்போடுங்க. அந்தத் தட்டுல பொரி இருக்குது, கொழந்தைங்களுக்கு எடுத்துட்டுப் போங்க."

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பியதும் அதுவும் அடங்கியது. பிறகு என் அம்பு அசைந்தது. மயிலின் கழுத்துக்குப் போய் அதை ஒரு சுற்று சுற்றி நின்றது. "சொல்லு அம்மணி, இந்தக் கோழிய மயிலாக்கிப்போடலாம்" என்றார்.

பாய் வரும்போது இரண்டு வேலையும் முடிகிற கட்டத்தில் இருந்தன. வழக்கப்படி என் மேசைப் பக்கம் வந்து, "பெரியக்காகிட்ட ஏதாச்சும் சொல்லோணுங்களா?" என்றார். "வேண்டாங்க பாய், நானே சொல்லிக்கறேன்" என்றேன். அவர் போய், சுத்தியலை எடுத்துவந்து, ப்ளைவுட்டில் ஆணி இருக்கிற இடங்களைத் தடவிப் பார்த்தார். "இருங்க பாய்" என்று இரண்டு பக்கமிருந்தும் கத்தினோம். நாங்கள் இன்னும் எழவில்லை.

வேலை முடிந்து எழுந்து ரிசீவரை மாற்றிக்கொண்டோம். மவுஸ் அன்றைக்கே சரியாகிவிட்டது. அந்த மயிலுக்குக் கழுத்து சரியாக வரவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா மறுபடியும் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அதற்கப்புறம் விஜயதசமிகள் வந்து போய்விட்டன. இப்போது ஆயுத பூசையன்று ரிசீவர்களை நான் பிடுங்க விடுவதில்லை. இருக்கிற இடத்திலேயே குனிந்து பொட்டு வைத்துக்கொள்ளட்டும். காரமடையிலிருந்து அக்காவின் அண்ணன் அவ்வப்போது போன் போட்டுக் கேட்கிறார், அறை சும்மாதான் கிடக்கிறது, வண்டி அனுப்பட்டுமா என்று. தடுப்பு இல்லாததால் பேச்சு எனக்கு நன்றாகவே கேட்கும். அக்கா ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, மறு கையால் மவுஸை ஒரு சுற்று சுற்றி அமுக்கியபடியே பதில் சொல்வார்.

"மவுஸு இன்னும் சரியாகலைங்க அண்ணா."